வேலூரில் மறைந்த கண்டி வேந்தன்

மன்னார்ப் பெருநிலத்தின் கடற்கரையிலே முத்துக்குளிப்பினாற் புகழ்பெற்றது அரிப்பு என்னும் ஊர். கண்டியிலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டில் தப்பிவந்து விடுதலை பெற்றது இவ்வூர் ஒல்லாந்தர் கோட்டையிலேதான். இங்கே கடலோர மேட்டில் ஒரு மாளிகை சிதைந்து கிடக்கின்றது. ஊரவர் அதனை அல்லிராணி கோட்டை என்பர். ஆனால் அதனைக் கட்டுவித்தவர் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு 1801 முதல் 1804 வரையில் அதனை எழுப்பினார். அதே ஆண்டுகளிலே அவர் கண்டி இராச்சியத்தின்மீதும் கண்வைத்தார். அன்று தொடங்கிய சூழ்ச்சிகளின் முடிவிலே முடியிழந்து, அயல்நாட்டில் உயிர்நீத்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவன் வாழ்க்கையை இம்மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி. குலம் நாயக்கர் குலம். 1739இல் கண்டி மன்னன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறக்கவே, மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான் முடிசூடினான். அவ்வழியில் வந்த நாயக்க மன்னர் நால்வருள் இறுதியானவன் கண்ணுசாமி. இவர்கள் பௌத்த சமயத்தைப் பேணினர்; தலதா மாளிகையைப் போற்றினர். எனினும், பிரதானிகள் சிலர் இவர்களை என்றும் அந்நியராகவே கருதினர்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் மகப்பேறின்றி மறைந்தான். முதன்மந்திரி பிலிமத்தலாவை, பதினெட்டு வயதளவினனாகிய கண்ணுசாமியை அரியணையேற்றினான். இளைஞனைப் பாவைபோல இருத்தித் தானே ஆளலாம் என்பது அவன் கருத்து. அரசன் அதற்கு இணங்கானாக, மந்திரி நோர்த்துடன் மறைவாகப் பேசத் தலைப்பட்டான். 1803இல் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்து, மறைந்த மன்னனின் மைத்துனனாகிய முத்துசாமிக்கு முடிசூட்டியது. ஆனால் மலைநாட்டுக் காய்ச்சலும் உணவுத்தட்டும் அப்படையை நலித்தன. ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமியும் சரணடைந்த வீரரிற் பெரும்பாலாரும் கொல்லப்பட்டனர். வெற்றி அரசனுடையதே, அவ்வெற்றியிற் படிந்த குருதிக்கறையும் அவனுடையதே.

பின்னர்ச் சில ஆண்டுகள் போரின்றிக் கழிந்தன. கண்டிமாநகரின் நடுவே விளங்கும் வாவியும், தலதா மாளிகை முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் இவன் காலத்தன. ஆயின் அவ்வேலைகளுக்கு மக்களை வலிந்து ஏவியமையால் மனக்கசப்பு மூண்டது. பிலிமத்தலாவையின் சதி வெளிப்பட்டு அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவன் பதவிக்கு வந்த எகலப்பொலையும் 1814இல் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் ஓடினான். அரசன் சினங்கொண்டு அவனுடைய மனைவியையும் குழந்தைகளையும் கொல்வித்தான். குற்றமற்ற குழந்தைகளுக்கு இழைத்த இக்கொடுமைக்கு எவ்வித நியாயமும் கற்பிக்க எம்மால் இயலாது. குடிகளின் நெஞ்சம் அவனைவிட்டு நீங்கியது அன்றுதான்.

தேசாதிபதி பிரவுண்றிக் அத்தருணத்தை நழுவவிட்டாரல்லர். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 14இல் ஆங்கிலப் படை கண்டியை அடைந்தது. அதனை எதிர்ப்பார் அரியர். 18ஆம் தேதி தும்பறைப் பகுதியிலே ஒளிந்திருந்த அரசனை அவன் குடிகளே பற்றிப் பிணித்து ஒப்படைத்தனர். மார்ச் 2இல் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தம் அவனை நீக்கியதோடு, அவன் சுற்றத்தார் எவரும் அரியணைக்கு உரிமை கோரலாகாது எனவும் விதித்தது. பிரதானிகள் கையொப்பமிட்டனர். முந்நூறாண்டு ஐரோப்பியரை எதிர்த்து நின்ற மலையரசு ஒரு தாளில் முடிந்தது.

1816 ஜனவரி 24இல் அரசனும் தேவியரும் சுற்றத்தாரும் கொழும்பிலே கோர்ண்வாலிஸ் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டுச் சென்னைக்கும், அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அக்கோட்டை முன்னர்த் திப்பு சுல்தானின் மக்களைக் காவலில் வைத்திருந்த இடம். முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டுக்கே அவன் மீண்டான். ஆனால் மீண்டது கைதியாக. அங்கே ஒரு மைந்தன் பிறந்தான். பதினாறு ஆண்டுகள் சிறையிருந்து, 1832 ஜனவரி 30இல் மன்னன் கண்மூடினான். மைந்தனும் 1843இல் மகப்பேறின்றி இறந்தான்.

அவனைக் கவிழ்த்தோர் பெற்ற பயன் யாது? மூன்றாண்டுக்குள் மலைநாடு ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, கிளர்ச்சியின் தலைவன் தன்னை நாயக்க அரசகுமாரன் என்றே கூறிக்கொண்டான். வெறுத்தொதுக்கிய குலத்தின் பெயரே விடுதலைக்கு வேண்டியதாயிற்று. ஆங்கிலேயரை நம்பிச் சென்ற எகலப்பொலையும் அவர்களாலேயே 1825இல் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல், அரசனுக்கு முன்னதாகவே, அங்கு இறந்தான். இங்கிலாந்துக்குச் சென்ற சிங்காசனம் 1934இல் இலங்கைக்கு மீண்டது. அதில் இருந்த மன்னன் மீளவில்லை.

இவனைக் கொடுங்கோலன் என்று மட்டும் சொல்வோர் பிரதானிகளின் வஞ்சத்தையும் அந்நியரின் பேராசையையும் மறக்கின்றனர். தமிழ் பேசிய மன்னன் என்று மட்டும் போற்றுவோர் அவன் சிந்துவித்த குருதியை மறக்கின்றனர். இரண்டையும் ஒருசேர நினைவிற்கொள்வதே கற்றோர்க்கு அழகாகும். தம்முள் பிரிந்தவர் மூன்றாமவனிடம் நீதி வேண்டிச் சென்றால் வழக்குப் பொருளையே இழப்பர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. வேலூரிலே பாலாற்றங்கரையில் அவன் துயிலும் இடத்தில், 1990ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு முத்து மண்டபம் அமைத்தது. அவ்வழிச் செல்லும் எம் கல்லூரி மாணவர் ஒரு கணம் அங்கு நின்று செல்வாராக.