காது கொடுத்துக் கேட்ட வைத்தியர்: ரெனே லெனெக் (1781 – 1826)

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, என் தொழிலைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். சுவாச நோய் வைத்திய நிபுணராக வேலை செய்யும் ஒருத்தியிடம் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை என் நோயாளரின் கதைகள். பெரும்பாலானவை வெளியே சொல்வதற்குரியவை அல்ல. ஆகவே என் கழுத்தில் தினமும் தொங்கும் கருவியைக் கண்டுபிடித்தவரின் கதையை எழுதுகிறேன். அது 200 வருடங்களுக்கு முந்திய கதைதான். ஆயினும் நம் வீடுகளுக்குள் இன்றும் நடக்கும் ஒன்றை அது எனக்கு நினைவூட்டுகிறது.

ரெனே லெனெக் 1781ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி பிரான்சின் மேற்குக் கரையில், பிரிட்டனிப் பகுதியிலுள்ள கெம்பேர் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. கவிதை எழுதுவதிலும் கைக்காசைச் செலவழிப்பதிலும் இருந்த ஆர்வம் அவருக்குப் பிள்ளை வளர்ப்பில் இருக்கவில்லை. ரெனேக்கு ஐந்து வயதானபோது தாயார் இறந்துவிட்டார். அவரைக் கொண்டுபோனதும் காசநோய்தான் என்று பலர் கருதுகின்றனர். தாயில்லாப் பிள்ளையை நாந்த் நகரில் இருந்த சித்தப்பா கியோம் ஏற்றுக்கொண்டார். அவர் ஒரு வைத்தியர். நல்ல மனிதர். தந்தை செய்யவேண்டிய எல்லாவற்றையும் அவரே செய்தார்.

அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். நாந்த் நகரத்தில் கில்லட்டின் நாட்டப்பட்டிருந்தது. லுவார் ஆற்றில் மனிதர்கள் கூட்டம் கூட்டமாக அமிழ்த்திக் கொல்லப்பட்டனர். அந்த நகரத்தில் வளர்ந்த சிறுவன் 14 வயதில் சித்தப்பாவின் வைத்தியசாலையில் காயங்களுக்கு மருந்து கட்டப் பழகினான். நம்மில் யுத்த காலத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பிள்ளையின் மனம் விளங்கும். ஓய்வு கிடைத்தபோது புல்லாங்குழல் வாசித்தான். நுண்ணிய ஒலிகளைப் பிரித்தறியும் காது அப்போதே அவனிடம் இருந்தது.

1801இல் லெனெக் பாரிஸ் சென்றார். அங்கே நெப்போலியனின் வைத்தியராக விளங்கிய கோர்விசாரிடம் படித்தார். 1803இல் வைத்தியத்திலும் சத்திரசிகிச்சையிலும் பரிசுகளை வென்றார். அடுத்த வருடம் பட்டம் பெற்றார். உருவத்தில் சிறியவர், மெலிந்தவர், அடிக்கடி மூச்சுமுட்டு வந்து படுப்பவர். பணமோ செல்வாக்கோ இல்லாதபடியால் நல்ல வைத்தியசாலைப் பதவி ஒன்று கிடைக்கப் பல வருடங்கள் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. 1814இல் நெப்போலியனின் யுத்தங்கள் முடியும் தறுவாயில், காயத்தோடும் காய்ச்சலோடும் வந்த படைவீரர்களால் பாரிஸ் வைத்தியசாலைகள் நிரம்பின. அவர்களில் பலர் பிரிட்டனிக் கிராமத்துப் பையன்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, பிரெத்தன் மொழி மட்டுமே தெரியும். எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் வழியின்றிக் கிடந்தார்கள். லெனெக் அவர்களைத் தம் பொறுப்பில் எடுத்து, அவர்களின் மொழியிலேயே பேசிப் பராமரித்தார். தன் நோயைத் தன் மொழியில் சொல்ல முடியாமல் ஒரு வைத்தியர் முன் நிற்பது என்னவென்று, இந்த மலரை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1816இல் நெக்கர் வைத்தியசாலையில் அவருக்குப் பதவி கிடைத்தது. அதே வருடம் அவருடைய நெருங்கிய நண்பர் பேல் காசநோயால் இறந்தார். பேலும் ஒரு வைத்தியர். காசநோயை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்தவர். லெனெக்கின் தம்பி மிஷோ அதற்கு ஆறு வருடங்கள் முன்னரே அந்நோய்க்குப் பலியாகியிருந்தார்.

அந்தக் காலத்தில் ஒருவரின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வைத்தியருக்கு இருந்த வழிகள் மிகச் சிலவே. ஒன்று, நெஞ்சின் மேல் விரலால் தட்டி ஓசையைக் கேட்பது. 1761இல் வியன்னாவில் அவுன்புறுக்கர் என்ற வைத்தியர் வெளியிட்ட முறை இது. பீப்பாயில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைப் போன்றது. மற்றது, நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது. இருவருக்கும் சங்கடமான வழி அது. வியர்வை, அழுக்கு, பேன் எல்லாம் அதில் அடங்கும்.

அந்த வருடம் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம் பெண் லெனெக்கிடம் வந்தாள். உடல் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்துப் பயன் இல்லை. இளம் பெண் என்பதால் நெஞ்சில் காதை வைப்பது முறையல்ல என்று அவர் கருதினார். அப்போது ஒலி பற்றிய ஓர் எளிய உண்மை நினைவுக்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு நுனியை ஊசியால் சுரண்டினால், மறு நுனியில் காதை வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும். உடனே ஒரு தாள் கொப்பியை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை அவளின் நெஞ்சிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டபோதெல்லாம் கேட்டதைவிடத் துல்லியமாக இதயத்தின் ஓசை கேட்டது. பிள்ளைகள் மரக்கட்டையில் விளையாடியதைப் பார்த்து யோசனை வந்ததாக நாம் சிறுவயதில் வாசித்த கதை பிற்காலத்தில் சேர்ந்தது. அவர் தம் நூலில் எழுதியது இவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவளது கூச்சத்தை ஒரு தடையாக எண்ணி அவர் எரிச்சல்படவில்லை. அதற்கு மதிப்புக் கொடுத்தபடியே உண்மையை அறிய வழி தேடினார். இந்தக் கருவி அந்த மரியாதையில் பிறந்தது. அவ்விடத்தில் ஒரு பெண் வைத்தியர் இருந்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திராது என்று நான் மாணவிகளுக்கு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாரிஸ் மருத்துவ பீடம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எலிசபெத் கரெட் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு, வைத்தியப் பட்டம் வழங்கியது 1870இல்தான்.

தாள் சுருள் விரைவில் மரக்குழாய் ஆனது. ஏறக்குறைய ஓர் அடி நீளம், நடுவே சிறு துளை, இரண்டாகக் கழற்றிக் கொண்டுபோகும் அமைப்பு. லெனெக் அதைத் தாமே கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்தார். நெஞ்சைப் பார்ப்பது என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதஸ்கோப் என்று பெயர் வைத்தார். நாம் இன்று அணியும், இரு காதிலும் பொருந்தும் வகை 1850களில் வந்தது.

குழாய் செய்தது ஒரு நாள் வேலை. அதற்குப் பிந்திய மூன்று வருடங்களில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. நோயாளியின் நெஞ்சில் கேட்ட ஒவ்வோர் ஒலியையும் எழுதிவைத்தார். அந்நோயாளி இறந்தால், உடலைத் திறந்து, எந்த இடத்தில் எந்த ஒலி கேட்டதோ அங்கே நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கேட்டதும் கண்டதும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டார். பொருந்தாதபோது தம் குறிப்பைத் திருத்தினார். நுரையீரலில் குழி விழுந்த இடத்தில், நோயாளி பேசும்போது குரல் வாயிலிருந்து அன்றி நெஞ்சிலிருந்தே நேராகக் குழாய்க்குள் வருவதுபோலக் கேட்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார். இன்றும் என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பல ஒலிகளுக்குப் பெயர் வைத்தவர் அவரே.

அந்தப் பெயர்களிலும் ஒரு செய்தி உண்டு. நெஞ்சில் கேட்கும் இரைச்சலுக்கு அவர் எழுத்தில் ரால் என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்தார். ஆனால் சாதாரண மக்களுக்கு அது சாகும் தறுவாயில் இழுக்கும் மூச்சைக் குறிக்கும். ஆகவே நோயாளியின் கட்டிலருகே அந்தச் சொல்லைத் தவிர்த்து, அவர்களுக்குப் புரியாத ஓர் இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளியும் காதுள்ளவர் என்பதை மறவாத வைத்தியர் அவர்.

1819இல் அவருடைய நூல் இரண்டு பாகங்களாக வந்தது. வேண்டியவர்கள் சிறு தொகை கூடக் கொடுத்து ஒரு குழாயையும் சேர்த்து வாங்கலாம். 1821இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜோன் போர்ப்ஸ், இக்கருவி பொதுப் பாவனைக்கு வருமா என்று தாமே சந்தேகப்பட்டார். இருந்தும் பிற நாடுகளிலிருந்து இளம் வைத்தியர்கள் பாரிசுக்கு வந்து கற்றுப் போனார்கள். நூலை முடித்த களைப்பில் லெனெக் படுத்துவிட்டார். ஊருக்குப் போய், கடற்கரைக்கு அண்மையிலுள்ள கெர்லுவார்னெக் வீட்டில் இரண்டு வருடங்கள் தோட்டம் பார்த்து உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். 1822இல் கொலேஜ் டு பிரான்சில் பேராசிரியரானார். 1824இன் இறுதியில், தம் வீட்டைக் கவனித்துவந்த விதவையான ஜாக்கெமின் ஆர்கூவைத் திருமணம் செய்தார்.

இனி அவருடைய பிழையையும் சொல்லவேண்டும். காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது என்பதை அவர் ஏற்கவில்லை. ஆழ்ந்த துயரமும் மனச்சோர்வும்தான் முக்கிய காரணம் என்று நம்பினார். கடும் ஒழுக்க விதிகளைக் கொண்ட ஒரு பெண் துறவியர் மடத்துக்கு அவர் பத்து வருடங்கள் வைத்தியராக இருந்தார். அந்த வருடங்களில் மடத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இந்நோயால் இறந்து, இடங்கள் மீண்டும் மீண்டும் புதியவர்களால் நிரம்பின. வெளிவாசல், தோட்டம், சமையலறை போன்ற வேலைகளில் இருந்த சிலரே தப்பினர். லெனெக் அதற்குக் காரணம் அந்தப் பெண்களின் மனப்பாரம் என்று எழுதினார். அடைத்த அறைகளில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள் இறந்தார்கள், வெளியே நடமாடியவர்கள் பிழைத்தார்கள் என்று இன்று வாசிக்கும் நமக்குத் தோன்றுகிறது. விடை அவர் கண்முன்னே இருந்தது. நெஞ்சின் ஒலியை அவ்வளவு கவனமாகச் சோதித்தவர், நோயாளியின் மனதைப் பற்றிய தம் கருத்தை மட்டும் அப்படிச் சோதிக்கவில்லை.

அந்த நோய் அவரையும் விடவில்லை. 1826இன் வசந்த காலத்தில் காய்ச்சலும் இருமலும் கூடின. உறவினரும் மாணவருமான மெரியாடெக்கிடம் தம் குழாயைக் கொடுத்துத் தம் நெஞ்சைப் பரிசோதித்துக் கேட்டதைச் சொல்லும்படி பணித்ததாகக் கூறுவர். அவன் சொன்ன ஒலிகள் எதைக் குறிக்கும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று உலகில் இல்லை. மனைவியோடு பிரிட்டனிக்குத் திரும்பி, ஓகஸ்ட் 13ஆம் திகதி கெர்லுவார்னெக்கில் இறந்தார். வயது 45. தம் குழாயை மெரியாடெக்குக்கு எழுதிவைத்து, தாம் விட்டுச்செல்லும் பொருள்களில் அதுவே மேலானது என்று குறிப்பிட்டார்.

காசநோய் தொற்றக்கூடியது என்பதை 1865இல் வீல்மன் என்ற பிரெஞ்சு வைத்தியர் பரிசோதனையால் காட்டினார். 1882 மார்ச் 24ஆம் திகதி றொபேர்ட் கொக் அந்தக் கிருமியையே காட்டினார். 1940களில் மருந்தும் வந்தது. இன்று நம் நாட்டின் மார்புச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையான காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். முறையாக மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் மற்றவருக்குத் தொற்றும் அபாயமும் நீங்கிவிடும்.

இருந்தும் சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் பெண்ணைத் தாயார் என்னிடம் கூட்டிவந்தார். மூன்று மாத இருமல், மாலையில் காய்ச்சல், உடுப்பெல்லாம் தளர்ந்துவிட்டது. கலியாணம் பேசிக்கொண்டிருந்ததால் ஊரில் ஒருவரிடமும் காட்டவில்லை. அம்மம்மாமார் கசம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் வருத்தம் வீட்டுக்கு வந்துவிட்டதென்று வெளியே தெரியக்கூடாது. துண்டில் ஆஸ்துமா என்று எழுத முடியுமா என்று தாயார் கேட்டார். நான் பிள்ளையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது மேற்பக்கத்தில், 200 வருடங்களுக்கு முன் லெனெக் எழுதிவைத்த அதே ஒலி கேட்டது. மருந்தில் அவள் குணமடைந்தாள். ஆனால் அந்த மூன்று மாதங்களில் நுரையீரலில் விழுந்த தழும்பு வாழ்நாள் முழுவதும் அவளோடு இருக்கும்.

லெனெக் அந்தத் துறவிப் பெண்களின் மனத்தில் நோயைத் தேடினார். நாம் நம் பெண்களின் குடும்பத்திலும் நடத்தையிலும் தலைவிதியிலும் தேடுகிறோம். அவருக்குக் கிருமியைக் காட்ட அன்று ஒருவரும் இல்லை. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

இந்த மலரை ஊரிலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் கையில் எடுக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். விசாவுக்காக நெஞ்சுப்படம் எடுக்க நாம் கூச்சப்படுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், அது யாராக இருந்தாலும், அதே கூச்சமின்மையோடு அழைத்துப் போங்கள். வைத்தியத்துறைக்கு வர நினைக்கும் இன்றைய மாணவிகளுக்கும் ஒன்று. நுரையீரல் வைத்தியம் படிக்கப் பல வருடங்கள் எடுக்கும், பரீட்சைகள் பல. அவற்றையெல்லாம் எழுதி முடிக்கலாம். கூச்சத்தோடு எதிரே இருப்பவரை மதித்து, அவர் சொல்வதைக் கடைசி வரை கேட்கும் பழக்கம்தான் கடினம். அதை நான் மருத்துவ பீடத்தில் தொடங்கவில்லை. பிரார்த்தனை மண்டபத்தில், பக்கத்தில் இருப்பவள் பேசும்போது வாயை மூடிக் கேட்கும்படி நம் ரீச்சர்மார் திரும்பத் திரும்பச் சொன்ன காலைகளில் தொடங்கினேன்.

நூறு வயது காணும் எங்கள் கல்லூரி அன்னைக்கு என் வணக்கம்.