அச்சத்தை ஆராய்ந்த வாட்சன்

குழந்தைகளே! உங்களில் சிலருக்கு நாயைக் கண்டால் பயம். சிலருக்கு இடி இடித்தால் பயம். இந்தப் பயம் நம்மோடு பிறந்ததா, வளரும்போது ஒட்டிக்கொண்டதா? இதற்கு விடை தேடிப் புகழ் பெற்றவர், அதே ஆராய்ச்சியால் பழியையும் சுமந்தவர், அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் வாட்சன்.

1878-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றில் வாட்சன் பிறந்தார். அவருக்கு 13 வயதானபோது தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்டார். பள்ளியில் சண்டைக்காரப் பையன் என்று பெயர் வாங்கினாலும், வாட்சன் படிப்பைக் கைவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உணவு பரிமாறியும், அறைகளைப் பெருக்கியும், ஆய்வுக்கூட எலிகளைப் பராமரித்தும் படித்தார். எலிகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்து, 1903-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1908-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மனத்தில் தோன்றுவதை ஆட்களையே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்வது அக்கால உளவியலார் பலரின் வழக்கம். வாட்சன் இதை ஏற்கவில்லை. கண்ணால் காணக்கூடிய நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று 1913-ல் வாதிட்டார். நடத்தையியல் என்னும் கொள்கை இப்படித்தான் பிறந்தது.

மனிதனை உருவாக்குவது பிறப்பா, வளர்ப்பா என்ற வாதத்தில் அவர் வளர்ப்பின் பக்கம் நின்றார். நல்ல உடல்நலமுள்ள எந்தக் குழந்தையையும் மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ, ஏன், திருடனாகவோ கூட வளர்த்துக் காட்ட முடியும் என்று பின்னாளில் எழுதினார்.

மாணவி ரோசலி ரேய்னருடன் அவர் செய்த ஒரு சோதனையின் முடிவு 1920-ல் வெளியானது. ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தைக்கு வெள்ளை எலியிடம் சிறிதும் பயமில்லை. அவன் ஆசையோடு கையை நீட்டியபோது, பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். இப்படி ஏழு முறை! அதன்பின் சத்தமே இல்லாமல் எலியைக் காட்டினாலும் அவன் அழுதான். முயலையும், உரோமக் கோட்டையும் கண்டுகூட மிரண்டான்.

பயத்தைக் கற்றுத்தர முடியும் என்று வாட்சன் காட்டிவிட்டார். ஆனால், தாம் ஊட்டிய பயத்தை அவர் நீக்கவில்லை. அதற்குள் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதே ஆண்டு வாட்சன் பல்கலைக்கழகத்தைவிட்டு விலக நேர்ந்தது. பிறகு விளம்பர நிறுவனம் ஒன்றில் உயர் பதவி வகித்தார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தை மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் ஆய்வாளர் போக்கியபோது, வாட்சனும் ஆலோசனை கூறினார். பீட்டர் விருப்பமான உணவைச் சாப்பிடும்போது, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டு வந்தனர். கடைசியில் பீட்டரே முயலைத் தடவிக் கொடுத்தான்! இது 1924-ல் வெளியானது.

குழந்தைகளைக் கட்டி அணைத்துக் கொஞ்சக்கூடாது, காலையில் கை குலுக்கினால் போதும் என்று 1928-ல் வாட்சன் ஒரு நூல் எழுதினார். போதிய அறிவின்றி எழுதிவிட்டதாகப் பின்னர் வருந்தினார். 1958-ல், தமது 80-ஆவது வயதில் காலமானார்.

1953-ல் அமெரிக்க உளவியல் சங்கம் தனது முதல் அறநெறி விதிகளை வெளியிட்டது. இன்று குழந்தைகளிடம் ஆய்வு செய்ய, பெற்றோரிடம் விளக்கி அனுமதி பெற வேண்டும். தீங்கு செய்யக்கூடாது. பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாம்.

அறிவைத் தேடுவது நல்லதே. அதற்காக, பேசத் தெரியாத குழந்தையை அழவிடலாமா? பயத்தை ஊட்டச் சில நிமிடம் போதும். போக்குவதற்கோ பொறுமையும் அன்பும் வேண்டும். தம்பி, தங்கைக்குப் பூச்சாண்டி காட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், குழந்தைகளே!