காட்டைத் தாளில் காத்த ரிட்லி

பந்திங், கிள்ளான், காஜாங் வட்டாரங்களில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தமிழ்த் தொழிலாளர்கள் விடியுமுன்னே எழுந்து, பால்வெட்டும் கத்தியுடனும் வாளியுடனும் நிரைக்குச் செல்வார்கள். மரத்திற்குக் கேடு வராமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ரப்பரோடு சேர்த்தே இவர் பெயர் நினைக்கப்படுகிறது. ஆனால், இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது வேறொரு பணியில். மலாயாக் காடுகளின் செடிகொடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டுப் பாதுகாத்ததே அப்பணி.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1880ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணிக்குச் சேர்ந்தார். உலர்ந்த தாவரங்களை வகைப்படுத்தும் கலையை அங்குதான் தேர்ந்து கற்றார். 1888ஆம் ஆண்டு, சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராகக் கப்பலில் வந்து இறங்கினார்.

அப்பூங்காவில் ரப்பர் மரங்கள் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட 22 கன்றுகளின் வழி வந்தவை அவை. பிரேசில் காடுகளில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பது வழக்கம். அதனால் மரம் பெரிதும் சேதமடைந்தது. ரிட்லி பல ஆண்டுகள் சோதனை செய்து, மீன்முள் வடிவில் சாய்வாகக் கீறினால் பால் வடியும் என்றும், அதே கீறலை மீண்டும் மெல்லச் சீவினால் பால் மிகுதியாகச் சுரக்கும் என்றும் கண்டார். சீவிய பட்டையும் மீண்டும் வளர்ந்தது.

காப்பி பயிரிட்டு வந்த தோட்டத் துரைமார்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்றவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று எள்ளி நகையாடினர். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். காப்பியின் விலை வீழ்ந்ததும் மற்றவர்களும் அவரைப் பின்பற்றினர். சில ஆண்டுகளில் மலாயாவின் முகமே மாறியது. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இத்தோட்டங்களுக்கு வந்தனர்.

தோட்டங்கள் பெருகப் பெருகக் காடுகள் சுருங்கின. ரிட்லியின் வெற்றியே அதற்கு ஒரு காரணமாயிற்று. அந்தக் காடுகளில் என்னென்ன செடிகள் இருந்தன என்பதற்குச் சான்று சேர்த்து வைத்தவர்களுள் முதன்மையானவரும் அவரே.

காட்டில் ஒரு செடியைக் கண்டால், பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி எடுப்பார்கள். அதை உறிஞ்சுதாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துவார்கள். பின்னர்த் தடித்த தாளில் ஒட்டி, பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் ஆகிய விவரங்களைச் சீட்டில் எழுதி இணைப்பார்கள். சீட்டு இல்லாத செடி வெறும் சருகுதான். சீட்டு இருந்தால் அது சான்று. இத்தகைய தாள்களை முறையாக அடுக்கி வைக்கும் இடமே உலர்தாவரத் தொகுப்பகம். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் இப்பணி எளிதன்று. உலர்த்தத் தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கவனம் தவறினால் வண்டுகள் தாளோடு சேர்த்துத் தின்றுவிடும். இந்தத் தொல்லைகளுக்கிடையே ரிட்லி சிங்கப்பூர்த் தொகுப்பகத்தைப் பெரிதும் வளர்த்தார். ஒரே செடியின் வேறு கிளைகளைக் கியூவுக்கும் அனுப்பி வைத்தார். ஓரிடத்தில் உள்ளது அழிந்தாலும் மற்றோரிடத்தில் உள்ளது எஞ்சும் அல்லவா?

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையும் அவர் தாவரங்களைச் சேகரித்த இடங்களுள் ஒன்று. தைப்பூசத்தன்று பக்தர்கள் படியேறும் அதே சுண்ணாம்புக்குன்றின் பாறையிடுக்குகளில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத செடிகள் வளர்கின்றன. பிற்காலத்தில் அக்குன்றின் தாவரங்களை ஆராய்ந்தவர்களுக்கு, முன்பு அங்கிருந்தவை எவை, இன்று எஞ்சியுள்ளவை எவை என்று ஒப்பிட்டுப் பார்க்க ரிட்லியின் பதிவுகள் துணைநின்றன.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. கியூ தொகுப்பகத்தில் அமர்ந்து, தாள் தாளாக ஆராய்ந்து, மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட நூலை எழுதினார். அது 1922 முதல் 1925 வரை வெளிவந்தது.

1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படை சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது, அவர் வளர்த்த தொகுப்பகத்திற்கு ஆபத்து வந்தது. ஆனால், ஜப்பானியப் பேராசிரியர் தனகடதே அதைக் காக்க முன்வந்தார். தாவரவியலாளர்களான ஹோல்ட்டமும் கோர்னரும் அங்கேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தனர். நாடுகள் பகைத்துக்கொண்டாலும் அறிஞர்கள் ஒன்றுபட்டதால் அத்தாள்கள் பிழைத்தன.

இன்று அத்தகைய தாள்களைக் காக்க ஒரு புதிய வழியும் கிடைத்துள்ளது. ஒவ்வொரு தாளையும் அளவுகோலுடனும் வண்ண அட்டையுடனும் வைத்து நுட்பமாகப் படமெடுக்கிறார்கள். சீட்டிலுள்ள விவரங்களைக் கணினியில் பதிகிறார்கள். இதற்கு மின்னிலக்கமாக்கல் என்று பெயர். கியூவில் மட்டும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன. நம் நாட்டில் கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்திலும் ஒரு பெரிய தொகுப்பகம் உண்டு. படம் எடுத்துவிட்டால், நொறுங்கக்கூடிய தாளை அடிக்கடி தொடவேண்டியதில்லை. எனினும், படம் மூலத்திற்கு ஈடாகாது. இலையின் மரபணுவை ஆராய வேண்டுமென்றால் உண்மையான இலையே வேண்டும். ஆகவே, படமும் வேண்டும், தாளும் வேண்டும்.

ரிட்லி நூறு வயதைக் கடந்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் காலமானார். சிங்கப்பூரில் அவர் பதிவு செய்த தாவரங்களுள் பல இன்று அங்கே காட்டில் காணப்படுவதில்லை. பந்திங் வட்டாரத்திலும் ரப்பர் குறைந்து, செம்பனை பரவிவிட்டது. மரங்கள் மாறின, மண்ணின் தோற்றமும் மாறியது. ஆனால், பந்திங்கில் இருக்கும் ஒரு மாணவன் கணினியைத் திறந்தால், நூறாண்டுகளுக்கு முன் நம் நாட்டுக் காட்டில் பறித்த ஒரு கிளையையும், அதனருகே எந்த இடத்தில், எந்த நாளில் அது கிடைத்தது என்று எழுதிய சீட்டையும் காண முடியும்.