கொண்ட கொள்கையில் உறுதி நின்ற நாவலர் பெருமான்

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது. அப்பிறவியில் தாம் செய்ய வேண்டிய பணி இன்னதென அறிந்து கொள்பவர் சிலர். அறிந்த பின்னர், வறுமையும் வசையும் வந்த போதும் அதனைக் கைவிடாது நிற்பவர் அதனிலும் சிலர். அத்தகைய சிலருள் முன் வைத்து எண்ணத்தக்கவர் நல்லை நகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக அவதரித்தார். சிறுவயதிலேயே தந்தையாரை இழந்தார். சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழை முறையாகக் கற்றார். ஆங்கிலக் கல்வியை யாழ்ப்பாணம் உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பெற்றார். அதுவே பிற்காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அவரது திறமையைக் கண்ட அதிபர் பேர்சிவல் பாதிரியார் அங்கேயே அவரை ஆசிரியராக அமர்த்திக் கொண்டார். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் துணையாகச் சேர்த்துக் கொண்டார். தம் சமயத்தில் உறுதியாக நின்றபடியே, ஏற்ற வேலையை நாவலர் செவ்வனே செய்து கொடுத்தார். பாதிரியாரும் அவரிடம் அன்பும் மதிப்பும் வைத்திருந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவருக்கு உத்தியோகக் கதவுகள் திறந்திருந்தன. அவருடைய தமையன்மாரும் உத்தியோகம் பார்த்தவர்களே. ஆனால் நாவலரின் உள்ளத்தை வேறொரு கவலை அரித்துக் கொண்டிருந்தது. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை அறியாமலே வளர்ந்தனர். அவர்களுக்கெனச் சமயத்தோடு கல்வியைப் போதிக்கும் பாடசாலை இல்லை. கற்பதற்கேற்ற அச்சுப் புத்தகங்களும் இல்லை. இவ்விரு குறைகளையும் நீக்குவதே தம் வாழ்வின் பணி எனத் துணிந்தார். 1847ஆம் ஆண்டு இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில் சம்பளம் தந்த ஆசிரியப் பதவியையும் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. இல்லறத்தையும் அவர் நாடவில்லை.

1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்ற போது, அவரது பிரசங்க வன்மையை வியந்து திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. யாழ்ப்பாணம் மீண்டு அச்சுக்கூடம் நிறுவினார். பாலபாடங்கள், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம், இலக்கணச் சுருக்கம் முதலிய நூல்களை எழுதி வெளியிட்டார். திருக்குறள் பரிமேலழகர் உரை போன்ற பழைய நூல்களைப் பிழையறப் பரிசோதித்துப் பதிப்பித்தார்.

பணி வளர்ந்ததே அன்றிப் பணம் வளரவில்லை. பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்த வித்தியாசாலையை நடத்த, வீடுகள் தோறும் பிடியரிசி சேர்க்க வேண்டியிருந்தது. உதவுவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினர். சொந்தச் சமயத்தவரே பகைத்தனர். ஆங்கிலமும் சைவச் சூழலில் கற்பிக்க வேண்டுமென விரும்பி 1872இல் தொடங்கிய பாடசாலை, பொருள் முட்டினால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும் அவர் உத்தியோகத்தை நாடிப் போகவில்லை. எழுதுவதையும் பிரசங்கிப்பதையும் நிறுத்தவில்லை. 1864இல் சிதம்பரத்திலே அவர் நிறுவிய வித்தியாசாலை இன்றும் அவர் பெயர் சொல்லி நிற்கின்றது. 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டிய போது, கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே செய்த பிரசங்கமே அவரது இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு மார்கழி 5ஆம் திகதி, கார்த்திகை மக நட்சத்திரத்திலே, தமது ஐம்பத்தேழாவது வயது நிறையுமுன் சிவபதம் அடைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து பாடசாலைகளும் புத்தகங்களுமே.

பிள்ளைகள் எந்த உத்தியோகத்துக்குப் போவார்கள் என்பதே இன்று பெற்றோரின் முதற் கேள்வியாக இருக்கின்றது. உத்தியோகம் வேண்டியதே. ஆயினும், எந்தப் பணிக்காகப் பிறந்தோம் என்ற கேள்வியையும் பிள்ளைகள் உள்ளத்தில் விதைப்பது நம் கடமையாகும். ஆண்டு தோறும் கார்த்திகை மகத்தன்று நாவலர் குருபூசை கொண்டாடும் நாம், அன்று ஏற்றும் விளக்கின் முன் அக்கேள்வியை நம்மிடமும் கேட்டுக் கொள்வோமாக.

மேன்மைகொள் சைவநெறி தழைக்க எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பானாக.