கணக்குக்குப் பணிந்த கர்னல்

மலையைப் பிளந்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். மாவீரன் என்பார்கள், மாமன்னன் என்பார்கள். மண்ணை அள்ளியவனைச் சொல்ல மாட்டார்கள். அள்ளிய மண்ணுக்குக் கணக்கு எழுதியவனையோ, நினைக்கவே மாட்டார்கள். ஆனால், தோழர்களே, பனாமாவில் மலை பிளந்தது மந்திரத்தால் அல்ல, மண்வாரியாலும் கணக்கேட்டாலும்தான்! அந்தக் கணக்கேட்டை ஆயுதமாக்கி, இரு மாகடல்களை இணைத்த மனிதர் ஜார்ஜ் வாஷிங்டன் கோதல்ஸ். அவர் வாழ்வில் நாம் பாராட்ட வேண்டியதும் உண்டு. பார்த்துப் பதற வேண்டியதும் உண்டு.

கட்டட வேலைக்குப் போகும் தோழருக்கு இது தெரியும். செங்கல் வந்திருக்கும், சிமெண்டு வந்திராது. சிமெண்டு வந்த நாளில் கொத்தனார் இருக்க மாட்டார். கொத்தனாரும் சித்தாளும் வெயிலில் காத்திருப்பர். மேஸ்திரி இன்ஜினீயரைத் தேடுவார். இன்ஜினீயர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பார். மாலையில் மட்டும், வேலை நடக்கவில்லை என்ற பழி தொழிலாளியின் தலையில் விழும்! உண்மையில் குற்றம் யாருடையது? செய்தி தெரிந்தவனுக்கு முடிவெடுக்க அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவனுக்குச் செய்தி தெரியாது. பெரும்பணிகள் பல பாழாவது இந்த இடைவெளியிலேதான்.

பனாமாவிலும் அந்த நோய்தான், பூத உருவில். சூயஸ் கால்வாயைக் கண்ட லெஸ்ஸெப்ஸ் தலைமையில் 1881-இல் பிரெஞ்சுக்காரர் பனாமாவில் இறங்கினர். கடல்மட்டத்திலேயே கால்வாய் வெட்டுவோம் என்றனர். மலையும் மழையும் மஞ்சள் காய்ச்சலும் குறுக்கே நின்றன. குறை சொன்ன கணக்கை ஏற்க மறுத்தார் லெஸ்ஸெப்ஸ். 1889-இல் கம்பெனி கவிழ்ந்தது. மாண்டவர் தொகை சுமார் 20,000 என்று மதிப்பிடுகின்றனர். மதிப்பீடுதான், கணக்கு அல்ல! மருத்துவமனையில் இறந்தவன் ஏட்டில் ஏறினான். வழியோரத்தில் இறந்தவன் ஏட்டிலும் இல்லை, எவர் நினைவிலும் இல்லை.

1904-இல் அமெரிக்க அரசு அந்தப் பணியை ஏற்றது. முதல் தலைமை இன்ஜினீயர் வாலஸ். பொருள் கேட்டு அவர் எழுதிய தாள்கள் வாஷிங்டன் நகரத்துக் குழுவிடம் போய், முத்திரை பெற்று, திரும்பி வருவதற்குள் காலம் கரைந்தது. 1905-இல் அவர் விலகினார். அடுத்து வந்தவர் ஸ்டீவன்ஸ் என்ற ரயில்வே நிபுணர். தோண்டுவதை நிறுத்துங்கள் என்பதே அவர் போட்ட முதல் பெரிய உத்தரவு. வீடு, குடிநீர், சாக்கடை, ரயில் பாதை — இவை முதலில். மண் பிறகு என்றார். மருத்துவர் கார்கஸ் கொசுவை ஒழித்து மஞ்சள் காய்ச்சலை ஓட்டினார். கடல்மட்டக் கால்வாய் வேண்டாம், நீரைத் தேக்கிக் கதவுத் தொட்டிகளால் கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்குவோம் என்ற முடிவும் 1906-இல் உறுதியாயிற்று. இத்தனையும் செய்த ஸ்டீவன்ஸ் 1907-இல் விலகிவிட்டார்!

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் யோசித்தார். நினைத்தபோது விலக முடியாத ஆள் வேண்டும். அப்படியானால், படைவீரன்தான்! ராணுவ இன்ஜினீயர் படையிலிருந்து அழைக்கப்பட்டவர்தான் கோதல்ஸ்.

1858-இல் நியூயார்க் புருக்ளினில், பெல்ஜியத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1880-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தம் வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். டென்னசி ஆற்றில் 26 அடி உயரம் படகை ஏற்றும் கதவுத் தொட்டியைக் கட்டி முடித்த அனுபவம் அவருக்கு இருந்தது. போர்க்களத்துப் புகழ் இல்லை. பேச்சிலே புயல் இல்லை. பனாமாவில் ராணுவ உடையைக்கூட அவர் அணியவில்லை. எனினும் எல்லோருக்கும் அவர் கர்னல்தான்.

அவர் செய்தது என்ன? முதலில், அதிகாரத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தார். குழுத் தலைவரும் அவரே, தலைமை இன்ஜினீயரும் அவரே. 1908-இல் ரூஸ்வெல்ட்டின் ஆணை அந்த அதிகாரத்தை முழுமையாக்கியது. முத்திரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம் மலையேறியது.

அடுத்து, பணியைப் பிரித்தார். தோண்டுவோர் ஒரு பிரிவு, கட்டுவோர் ஒரு பிரிவு என்று இருந்ததை மாற்றி, அட்லாண்டிக் பகுதி, நடுப்பகுதி, பசிபிக் பகுதி என்று நிலத்தின்படி மூன்றாக்கினார். அந்தந்த மண்ணில் நடக்கும் அத்தனைக்கும் அந்தந்தத் தலைவரே பொறுப்பு. அட்லாண்டிக் பகுதி ராணுவ இன்ஜினீயர் கையில். பசிபிக் பகுதி ராணுவம் சாராதவர் கையில். ஒரு கன கெஜம் கான்கிரீட்டுக்கு இங்கே என்ன செலவு, அங்கே என்ன செலவு? பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், பழியைப் பிறர்மேல் போட வழி ஏது?

மூன்றாவது, ஏடு! 1907 செப்டம்பரில் கால்வாய்ப் பணிக்கென்றே ஒரு வார ஏடு தொடங்கினார். எந்த மண்வாரி இயந்திரம் எவ்வளவு மண் அள்ளியது என்ற கணக்கு அதில் அச்சேறியது. மேலதிகாரியின் மேசைக்குள் பூட்டிக் கிடந்த எண், தொழிலாளியின் கைக்கு வந்தது. இயந்திரம் ஓட்டியவர்கள் தங்கள் எண்ணைத் தேடினர், அடுத்தவன் எண்ணோடு ஒப்பிட்டனர், போட்டி மூண்டது. 1909 மார்ச்சில் குலேப்ரா மலைவெட்டில் 68 மண்வாரிகள் ஒரே மாதத்தில் 20 லட்சம் கன கெஜத்துக்கு மேல் அள்ளிக் குவித்தன!

நான்காவது, காது கொடுத்தார். ஞாயிறுதோறும் காலையில் அவர் அலுவலகக் கதவு திறந்திருக்கும். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றவன் வந்தான். மேலாள் வசைபாடுகிறான் என்றவன் வந்தான். சோறு சரியில்லை என்றவன் வந்தான். உதவியாளர் தீர்க்க முடியாதவை கர்னல் முன் வந்தன. கேட்டார், விசாரித்தார், அங்கேயே முடிவு சொன்னார். அறிக்கையில் வராத உண்மை அழுகுரலில் வரும் என்பதை அறிந்தவர் அவர். மற்ற நாட்களில் மஞ்சள் நிற ரயில் மோட்டார் வண்டியில் களம் முழுதும் சுற்றினார்.

கணக்கு கசப்பாக இருந்தபோதும் அதை அவர் மறைக்கவில்லை. குலேப்ராவில் மலை வெட்ட வெட்டச் சரிந்தது. 1906-இல் அங்கே அள்ள வேண்டிய மண் சுமார் 5 கோடியே 40 லட்சம் கன கெஜம் என்று மதிப்பிட்டிருந்தனர். 1913-இல் அது 10 கோடியை எட்டியது. ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினார். பசிபிக் பக்கம் கதவுத் தொட்டிகளுக்குக் குறித்திருந்த இடத்தில் அடிமண் சேறு என்று தெரிந்ததும், கௌரவம் பார்க்கவில்லை. உள்நோக்கி மிராப்ளோரஸுக்கு மாற்றினார். கப்பல்கள் பெருக்கின்றன என்று கடற்படை சொன்னதும், தொட்டியின் அகலத்தை 95 அடியிலிருந்து 110 அடியாக்கினார். 1913 ஜனவரியில், முடியப்போகும் வேளையில் மலை மறுபடி சரிந்து வெட்டை அடைத்தது. நடுப்பகுதித் தலைவர் கெய்லார்ட் இனி என்ன செய்வது என்று கலங்கினார். கர்னல் சிகரெட்டைப் பற்றவைத்து, மறுபடியும் தோண்டு என்றார். தோண்டினார்கள்!

பலன்? 1914 ஆகஸ்டு 15-இல் ஆன்கான் என்ற கப்பல் கடலிலிருந்து கடலுக்குச் சென்றது. 37 கோடியே 50 லட்சம் டாலர் ஆகும் என்ற பணி, 35 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. குறித்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே முடிந்தது. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்று கையசைக்கவில்லை கோதல்ஸ். கரையோரமாக ரயில் வண்டியில் கூடவே சென்று, ஒவ்வொரு கதவும் சரியாக இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டலாம், தோழர்களே! ஆனால் கைதட்டுவதற்கு முன் அந்தக் கணக்கேட்டின் மறுபக்கத்தையும் புரட்டுங்கள்.

அந்த ஏட்டிலே இரண்டு பட்டியல்கள். ஒன்று தங்கப் பட்டியல். மற்றொன்று வெள்ளிப் பட்டியல். தங்க நாணயத்தில் சம்பளம் வாங்கியவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர். நல்ல வீடு, சம்பளத்தோடு விடுமுறை அவர்களுக்கு. வெள்ளி நாணயத்தில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பர். பார்படோஸிலிருந்து மட்டும் வந்தவர் ஏறக்குறைய 20,000 பேர். மணிக்குப் பத்து சென்ட் கூலி. நாளுக்குப் பத்து மணி உழைப்பு. தபால் நிலையத்தில் தனி ஜன்னல், சம்பளம் வாங்கத் தனி வரிசை, தனிக் குடியிருப்பு! ஒரே மண், ஒரே மழை, ஒரே வெடிமருந்து. மனிதன் மட்டும் இரண்டு தரம்!

1908 டிசம்பரில் பாஸ் ஒபிஸ்போவில் வேளைக்கு முன் வெடித்தது வெடிமருந்து. 23 பேர் மாண்டனர். மருத்துவமனை ஏடுகளின்படி அமெரிக்கர் பணியாற்றிய காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தவர் 5,609 பேர். அவர்களில் ஏறக்குறைய 4,500 பேர் கறுப்புத் தொழிலாளர். மண்ணில் ஒரு கன கெஜமும் தவறாமல் எண்ணியவரால், இந்த எண் சொன்ன அநீதியைப் படிக்க முடியாமலா போயிற்று? ஞாயிற்றுக்கிழமைக் கதவு கறுப்பனுக்கும் திறந்துதான் இருந்தது. தனிமனிதனின் குறையை அவர் தீர்த்தார். ஆனால் அந்தக் குறைகளுக்கெல்லாம் தாயான இரட்டைப் பட்டியலை அவர் கிழித்தெறியவில்லை. வேலைநிறுத்தத்தையும் அவர் பொறுத்ததில்லை. குறை சொல்லலாம், கூட்டாக நின்று கேட்கக் கூடாது! இதுதான் அவருடைய ஆட்சியின் எல்லைக்கோடு.

கால்வாய் முடிந்த பிறகும் சில காலம் கால்வாய்ப் பகுதியின் ஆளுநராக இருந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குப் பொருள் வாங்கும், அனுப்பும் பொறுப்பை ஏற்றுச் சீர்செய்தார். 1928 ஜனவரியில் நியூயார்க்கில் மறைந்தார். அதே ஆண்டில் திறந்த ஒரு பாலம் அவர் பெயரைத் தாங்கியது. வெள்ளிப் பட்டியல்காரர்களுக்குப் பாலம் இல்லை. ஆனால் அவர்கள் வெட்டிய வழியில் கப்பல் போகிறது. கால்வாயே 1999-இன் கடைசி நாளில் பனாமா மக்களின் கைக்கு வந்துவிட்டது.

ஆகவே, தோழர்களே, கோதல்ஸிடம் கற்க வேண்டியதைக் கற்போம். முடிவெடுப்பவன் களத்தில் இருக்கட்டும். உண்மைக் கணக்கு ஒளிவு மறைவின்றி எல்லோர் கையிலும் இருக்கட்டும். கசப்பான எண்ணைக் கண்டு காய்ந்து விழாமல், அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்தும் துணிவு இருக்கட்டும். ஆனால் அவர் விட்ட இடத்தில் நாம் நின்றுவிடக் கூடாது. அணையோ பாலமோ அடுக்குமாடியோ, எது எழுந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மூட்டை சிமெண்டு என்று எழுதிய ஏட்டிலே, சாரத்திலிருந்து விழுந்தவனின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எண்ணப்படாத மண்ணை எவரும் அள்ளிவிடலாம். எண்ணப்படாத மனிதனை எவரும் தள்ளிவிடலாம். ஏட்டில் நம் பெயரும் ஏறட்டும்; ஒரே பட்டியலில் ஏறட்டும்!