விபுலாநந்த அடிகளும் காரைதீவு மனையும்

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரது பதிகம் பெற்ற திருக்கோணமலையிலே, சைவப் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு 1897 ஆம் ஆண்டிலே தோன்றிய இந்துக் கல்லூரி, 1925 ஆம் ஆண்டிலே இராமகிருஷ்ண சங்கத்தார்பால் ஒப்புவிக்கப்பட்டது. அதனைப் பேணி வளர்த்தோருள் முதல்வைத்து எண்ணப்படுபவர் ஸ்ரீமத் விபுலாநந்த அடிகள். துறைமுக நகரத்துப் பிள்ளைகளுக்குத் தந்தைபோல் நின்ற அப்பெரியார் பிறந்த மனையின் வரலாறு, சைவ நன்மக்கள் அறியத்தக்கது.

அம்மனை, மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்துக் காரைதீவிலே, கண்ணகியம்மன் கோயிலுக்கு அயலில் உள்ளது. அங்கே இல்லறம் நடாத்தியோர் சாமித்தம்பியாரும் கண்ணம்மையாருமாவர். 1892 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே பிறந்த தம் புதல்வருக்கு முருகப்பெருமானை நினைந்து மயில்வாகனன் எனப் பெயரிட்டனர். வைகாசிதோறும் கண்ணகி வழிபாடு சிறக்கும் அவ்வூரிலே வளர்ந்த பிள்ளையே, பின்னாளிலே சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையை ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டிலே யாழ்நூலை உலகிற்கு அளித்தனர்.

கீழைக்கரையின் வழக்கப்படி மனை பெண்மக்களுக்கே உரியது. ஆண்மகன் மணம் புரிந்து மனைவியின் இல்லம் புகுவான். மயில்வாகனனாரோ பிறந்த மனையை நீங்கினர். மற்றொரு மனை புகுந்தாரல்லர். 1920 ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியராய் விளங்கியவர், அவ்வுயர்நிலையையும் விடுத்து, 1922 ஆம் ஆண்டிலே சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 ஆம் ஆண்டிலே துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

தமக்கென ஓரில்லம் வேண்டாத அடிகள், பிறர் பிள்ளைகளுக்கு இல்லங்கள் ஆக்கினார். ஆதரவற்ற சிறுவர் உண்டு உறைந்து கற்குமாறு விடுதிகளை நிறுவினார். 1929 ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த காலத்தும் அத்தொண்டை மறந்தாரல்லர். 1947 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே சிவபதமடைந்த அவரது திருமேனி, பிறந்த மனைக்கு அயலிலன்று, சிவாநந்த வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

முன்னோர் மனைகளை இடித்துப் புதியன கட்டுதலையே பெருமையெனக் கருதும் இக்காலத்திலே, காரைதீவு மனை நினைவிடமாய்ப் போற்றப்படுதல் மகிழ்தற்குரியது. எனினும், சுவரையும் கூரையையும் காத்தல் மாத்திரம் அமையாது. ஏழைப் பிள்ளை ஒன்றுக்கேனும் சோறும் எழுத்தும் அளிக்கும் இல்லமே அடிகளின் மனையை மெய்யாகக் காப்பதாகும். அங்ஙனம் செய்யச் சிவபெருமான் திருவருள் துணைபுரிக.

திருச்சிற்றம்பலம்.