கொள்ளைநோயின் நடுவே நின்ற குரு



பெரியநீலாவணையிலும் கல்முனையிலும் வாழும் நீங்கள் கொரோனாக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020இல் அந்நோயால் மரித்த எம் இஸ்லாமிய சகோதரரின் உடல்கள், உற்றாரின் கண்ணீரையும் பாராமல் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. இதே நாட்டில் கொள்ளைநோயைச் சந்தித்த புனித யோசவ் வாஸ் அடிகளாரை இங்கு நினைவுகூர்வது தகும்.

அடிகளார் 1651இல் கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தார். பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களை இலங்கையினின்று விரட்டினர். 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டி சென்றவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் எனச் சந்தேகித்துச் சிறையிட்டனர். காலப்போக்கில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய வாழ்வைக் கண்டு மதிக்கலானான்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. ஜென்னர் அம்மைப்பாலைக் கண்டறிய இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. மன்னன் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரோ ஓடவில்லை. தம் உறவினரான கர்வாலோ அடிகளாருடன் காடு மேடெல்லாம் தேடி, கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்தார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், மரித்தோரை மரியாதையுடன் அடக்கம் செய்தார். கிறிஸ்தவரா பௌத்தரா என்று அவர் கேட்கவில்லை. இவரில்லாவிடில் வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என மன்னனே ஒப்புக்கொண்டான்.

கவனியுங்கள். அக்குடிசைகளும் நோயாளரைப் பிறரிடமிருந்து பிரித்தே வைத்தன. தொற்றுநோய்க்கு அது அவசியம். ஆனால் பிரித்து வைக்கப்பட்டவர் கைவிடப்படவில்லை. அவரைத் தேடி ஒருவர் நாள்தோறும் சென்றார்.

1711 ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியில் இறையடி சேர்ந்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். தடுப்பூசியின் பயனாக வைசூரியும் உலகை விட்டு ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு நோய் நாளை வரலாம். தடுப்பூசி ஏற்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொற்படி நடப்பதும் நம் கடமை. அத்துடன், அடைபட்ட வீட்டுக்குச் சோறு கொண்டு செல்வது யார், தனித்திருக்கும் முதியவரைப் பார்ப்பது யார், மரித்தவரை அவரவர் சமய முறைப்படி வழியனுப்புவது எவ்வாறு என்பதை, கோவிலாரும் பள்ளிவாசலாரும் ஆலயத்தாரும் இன்றே கூடிப் பேசி வையுங்கள். நோய் வந்தபின் அச்சமே பேசும். அன்பு பேச நேரமிராது.